உப்பளத்திலிருந்து ஓவியக்கூடத்துக்கு

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் பழக்கமான தேர்வுக் கேள்வி ஒன்று உண்டு: பொருட்காட்சிக்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக எழுதுக. கேள்விக்குக் கீழே குறிப்புகளும் கொடுத்திருப்பார்கள். முன்னுரை, நுழைவாயில், அரங்குகள், அங்காடிகள், முடிவுரை. அந்தப் பொருட்காட்சிக்கு மாணவர் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போயிருந்தாலும், எந்தப் பொருளின் முன்னால் நின்றாய், ஏன் நின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. இதே பழக்கம்தான் பிள்ளைகளோடு ஓவியக்கூடத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து ஓவியரின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்கிறார்கள். படத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடுகிறது.

மரக்காணத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை யோசித்தால் இழப்பின் அளவு தெரியும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தைக் கடக்கும்போது, சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கும். அந்தச் சாலையே ஒரு வகையில் தமிழகத்தின் நீண்ட கலைக்கூடம். மரக்காணத்துக்கு வடக்கே மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பங்கள் இருக்கின்றன. 1957இல் அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரியும் அங்கேதான். இன்னும் மேலே போனால் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. அதையும் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில் 1966 முதல் இயங்கிவரும் சோழமண்டலம் ஓவியர் கிராமம். தெற்கே திரும்பினால் ஆரோவில்லின் கலைக்கூடங்களும் புதுச்சேரியின் பாரதியார் பல்கலைக்கூடமும். இவ்வளவுக்கும் நடுவில் உப்பு வாரும் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவி ஓவியக்கூடத்துக்குள் வந்தால் எதைப் பார்ப்பாள், எதை எழுதுவாள் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. அவளுக்குக் கலை தெரியாது என்று எடுத்துக்கொண்டே பெரும்பாலான பள்ளிச் சுற்றுலாக்கள் தொடங்குகின்றன. உண்மையில் அவள் வெறும் கண்ணோடு வருவதில்லை.

அளம் பழக்கும் கண்

உப்பு விளைவிப்பது கண்ணால் செய்யும் வேலை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலிலும் காற்றிலும் நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் மூன்று டிகிரியை ஒட்டியிருக்கும் கடல்நீர் இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் சமையல் உப்பு மணிமணியாகப் பிடிக்கத் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். எல்லை தாண்டி வற்றவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அந்தக் கழிவுநீரை நேரம் பார்த்து வெளியேற்ற வேண்டும். அளவுமானிகள் வந்த பிறகும், பழகிய தொழிலாளிக்கு நீரின் நிறமும் மேற்பரப்பில் பிடிக்கும் ஏடும் போதுமான சேதி சொல்லிவிடும்.

நிறம் என்றால் வெள்ளை மட்டும் என்று சாலையில் போகிறவர்கள் நினைக்கலாம். உப்பு மிகுந்த நீரிலும் வாழும் டுனலியெல்லா என்ற நுண்பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் பாத்தி நீருக்கு இளஞ்சிவப்பும் செம்மையும் ஏற்றுகின்றன. ஒவ்வொரு உப்பு மணியும் தனியே பார்த்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியது. கோடிக்கணக்கான மணிகளின் பரப்புகளில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் அம்பாரம் வெளுத்துத் தெரிகிறது. காலையில் நீலம் கலந்த வெள்ளை, உச்சிவேளையில் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை, மாலையில் மஞ்சள் ஏறிய வெள்ளை. ஓவியக் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்கு வெள்ளைத் துணியையும் வெள்ளைக் கிண்ணத்தையும் வைத்துக் கற்றுத்தரும் பாடம், மரக்காணத்துப் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. ஜனவரிக்குப் பிறகு தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீளும் உப்புப் பருவம் முழுக்க அந்தப் பாடம் நடக்கிறது.

இந்தக் கரைக்கு வயது அதிகம். ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதியே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊரிலுள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வடக்கே கடப்பாக்கத்துக்கு அருகில் ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகளாக நிற்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். கல்லும் செங்கலும் உப்புக்காற்றும் சேர்ந்து வாழ்ந்த வரலாறு இது.

கல்லுக்குள் போகும் உப்பு

அப்படிப்பட்ட மாணவி மாமல்லபுரத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கியிருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். காலத்தால் தேய்ந்தது என்று வழிகாட்டி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உப்பளத்துப் பிள்ளைக்கு அந்தத் தேய்மானத்தின் வழி தெரியும். உப்புத் தூவானம் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காய்ந்து, மணியாகப் பிடிக்கும்போது இடம் போதாமல் கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. மீண்டும் ஈரம், மீண்டும் காய்ச்சல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இது நடக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை அங்கே செய்துவருகிறது. பாத்தியில் உப்பை எடுக்க நீரை வற்றவைக்கிறார்கள். கோயிலில் கல்லைக் காக்கவும் அதே வற்றல் உதவுகிறது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு வேதியியல் ஆசிரியர் வேண்டியதில்லை. இதை எழுதச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

அதே ஊரில் கிருஷ்ண மண்டபத்துக் கோவர்த்தனச் சிற்பத் தொகுதியில், மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனுக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்து பசுவைக் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி தெய்வத்தின் அருஞ்செயலுக்கு நடுவே அன்றாட வேலையைச் செதுக்கினார். கறப்பவரின் முதுகு வளைவும் கைகளின் பிடிப்பும் வேலை தெரிந்தவர் பார்த்துச் செய்தவை. வேலை செய்யும் உடம்பை நாள்தோறும் பார்க்கிற பிள்ளை இந்தச் சிற்பத்தின் முன் நின்றுவிடுவாள். தெய்வத்தை விட்டுவிட்டுக் கறவைக்காரரைப் பற்றி அவள் இரண்டு பக்கம் எழுதினால் அதைத் தவறு என்று சிவப்பு மையால் திருத்தாமல் இருப்பதுதான் ஆசிரியரின் கடமை.

சோழமண்டலத்தின் சுவர்களில்

மரக்காணத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சோழமண்டலம், மாணவர்களால் உருவான இடம். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் முதல்வரானார். படித்து முடித்து வெளியே வரும் மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தையே விட்டுவிடுவதைப் பார்த்த பணிக்கர், கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்ந்துகொண்டே ஓவியம் தீட்டலாம் என்ற வழியைக் காட்டினார். பாத்திக் என்ற சாயத் துணிகளையும் பிற கைவினைகளையும் விற்ற பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கினார்கள். ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து தங்கள் கைப்பணத்தில் எழுப்பிய ஊர் அது. 2009இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பணிக்கரும் மாணவர்களும் வளர்த்த மெட்ராஸ் கலை இயக்கத்தின் முக்கியமான படைப்புகள் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. இண்டிகோ, லாபர்னம் என்ற இரு கூடங்களில் இன்றைய ஓவியர்களின் கண்காட்சிகள் மாறி மாறி நடக்கின்றன.

பணிக்கர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, முதல்முறை பார்ப்பவரைத் தடுமாற வைக்கும். மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியாக ஏதோ எழுதியிருக்கும், வாசிக்க முடியாது. ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மீன், பறவை. இதற்கு என்ன பொருள் என்று கேட்டுத்தான் பள்ளிப் பிள்ளைகள் திகைக்கிறார்கள். பொருளை ஒதுக்கிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டால் உப்பளத்துப் பிள்ளை வரப்பு கட்டிய பாத்திகளைக் கண்டுபிடிப்பாள். கட்டங்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடம், ஓரத்தில் நெருக்கமாகச் சேரும் கோடுகள், ஒரே நிறம் கட்டத்துக்குக் கட்டம் சற்றே மாறுவது எல்லாம் அவளுக்கு அறிமுகமானவை. அவள் சொல்வது பணிக்கர் நினைத்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தின் அமைப்பைப் பற்றிய உண்மையான கவனிப்பு அது. விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் அதைப் பற்றித்தான்.

கே. ராமானுஜத்தின் மைக்கோட்டு ஓவியங்கள் இன்னொரு வகை. மனநோயின் துன்பத்தோடு வாழ்ந்து, 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோன அவர், இண்டு இடுக்கு விடாமல் நுண்கோடுகளால் கனவு நகரங்களைக் கட்டினார். அவற்றில் தொப்பியணிந்த அவருடைய உருவமும் உலவும். பிள்ளைகள் இந்தப் படங்களின் முன்னால் நீண்ட நேரம் நிற்க முடியும், ஏனெனில் பார்க்கப் பார்க்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பிலும் பித்தளையிலும் பற்றவைத்துச் செய்த சிற்பங்களின் முன் உப்புக்காற்று அறிந்த பிள்ளைக்கு வேறொரு கேள்வி எழும்: இந்தச் செம்பு கடலோரத்தில் என்ன ஆகும்? வீட்டுப் பாத்திரம் பச்சை பூப்பதை அவள் பார்த்திருக்கிறாள். சிற்பத்தின் பொருளும் நிறமும் ஆயுளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அந்தக் கேள்வி நேராகத் தொட்டுவிடுகிறது.

சோழமண்டலத்தின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவரான வி. விஸ்வநாதன் 1968இல் பாரிஸுக்குச் சென்றவர். 1976இல் அவர் இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து, வழியெங்கும் மணல் சேகரித்தார். அந்த அனுபவம் பிறகு 'மணல்' என்ற திரைப்படமாயிற்று. ஒவ்வொரு கரையின் மணலும் தனி நிறம், தனிப் பருமன். கையில் அள்ளிப் பார்க்கும் ஒன்றைக் கலைஞர் கலையின் மூலப்பொருளாகக் கண்ட அந்தக் கதையைக் கேட்டால், உப்பு மணியின் பருமனைப் பார்த்தே தரம் சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கு ஓவியக்கூடத்தின் வாசல் இன்னும் சற்று அகலமாகத் திறக்கும்.

ஓவியத்தில் உப்பு எங்கே?

பார்த்ததை எழுதுவதில் பாராட்டு மட்டும் இருக்க வேண்டியதில்லை. இல்லாததைக் குறிப்பதும் அதில் சேரும்.

உப்பு இந்தியக் கலையில் பெரிய இடம் பிடித்த தருணம் 1930. மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தி ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். அதே மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்த ஆண்டில் ஓவியர் நந்தலால் போஸ் செதுக்கிய லினோகட் அச்சோவியம், கோலூன்றி நடக்கும் காந்தியை வெள்ளைக் கோடுகளில் கருப்புப் பின்னணியில் காட்டுகிறது. இன்றுவரை அந்த யாத்திரையின் முகம் அதுதான். சென்னையில் பலருக்குக் கற்றுக்கொடுத்த ராய் சௌத்ரியும் தண்டி யாத்திரையைச் சிற்பத் தொகுதியாக வடித்தார். தில்லியில் நிற்கும் அந்தப் 'பதினோரு சிலை', பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இடம்பெற்ற தண்டி யாத்திரைக் காட்சியோடு சேர்த்துப் பேசப்படுவது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கோட்டோவியங்களாகக் காந்தியை வரைந்தார்.

இவை எல்லாவற்றிலும் உப்பு ஒரு அரசியல் செயலின் அடையாளம். உப்பை விளைவிப்பவர் படத்துக்கு வெளியே நிற்கிறார். சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் நால்வரும் ஆண்கள். உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாயின் குதிகால் வெடிப்பைப் பார்த்து வளர்ந்த மாணவி அந்தச் சிலையின் முன் நின்று, இதில் எங்கள் அம்மா இல்லையே என்று எழுதினால், அது நல்ல கலை விமரிசனம். சோழமண்டலத்தின் புகழ்பெற்ற வரிசைகளும் எழுத்து, தொன்மம், கனவு, உலோகம் என்று வேறு திசைகளில் சென்றவை. கடற்கரை மணலில் அமர்ந்து வரைந்த அந்தத் தலைமுறை அகத்தை நோக்கித் திரும்பியது. அது அவர்களுடைய தேர்வு. அதைக் குறைசொல்லாமலேயே, அடுத்த தலைமுறைக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று ஒரு மாணவி கேட்கலாம்.

எழுத்து இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்த் தொழிலாளர்களோடு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளிவந்தது. பிறகு புகைப்படம் வந்தது. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான எம். பழனிகுமார், தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பாரி இணைய இதழுக்காகப் படமெடுத்தார். கூசும் வெளிச்சத்தில் தலைச்சுமையோடு நடக்கும் உடல்கள் அந்தப் படங்களில் அடையாளங்களாகச் சுருங்கவில்லை. ஒவ்வொருவரும் தனி ஆள். விளிம்புநிலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைக்கும் வேலையையும் அவர் தொடர்ந்து செய்துவருகிறார். பார்க்க வந்த மாணவர் படைப்பவராக மாறும் பாதை அங்கே கண்ணெதிரே தெரிகிறது.

ஒரு நாள் பார்ப்பதால் என்ன ஆகிவிடும்?

இந்தச் சந்தேகத்துக்கு ஆய்வு வழியில் கிடைத்த ஒரு விடை, அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. பெருநகரங்களுக்குத் தொலைவிலுள்ள பென்டன்வில் என்ற ஊரில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவிய அருங்காட்சியகம் திறந்தபோது, பள்ளிகளை இலவசமாக அழைத்தார்கள். விண்ணப்பங்கள் குவியவே, எந்தப் பள்ளி முதலில், எது பிறகு என்று குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜே கிரீன் தலைமையிலான குழு அதை ஆய்வு வாய்ப்பாகப் பயன்படுத்தியது. 123 பள்ளிகளின் 10,912 மாணவர்கள் ஆய்வில் இடம்பெற்றனர். சில வாரங்கள் கழித்து, அவர்கள் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுச் சில நிமிடங்கள் எழுத வைத்தார்கள். கூடத்துக்குச் சென்று வந்தவர்களின் எழுத்தில் கவனிப்பும் காரணம் சொல்லும் திறனும் கூடியிருந்தன. கிராமப்புற மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் மொத்தச் சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

நினைவிலும் நிறையத் தங்கியிருந்தது. மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் முகாமைக் காட்டும் ஈஸ்ட்மன் ஜான்சனின் ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையை மறுக்க விரும்பியவர்கள் மேப்பிளை நாடினார்கள் என்ற செய்தியை நினைவில் வைத்திருந்தனர். சாப்பாட்டுப் பொருள் ஒன்றுக்குள் அரசியல் புகுந்த கதை என்பதால், உப்புக் கரைப் பிள்ளைகளுக்கு இது அந்நியமாகப் படாது.

ஆர்கன்சாஸ் மாணவர்களை எழுதவைக்கப் பயன்படுத்திய கேள்விகள் புதியவையும் அல்ல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பொறுப்பிலிருந்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. அது மாணவரைப் படத்தை நோக்கித் திருப்பி அனுப்புகிறது.

தமிழில் இதற்கு நமக்கென்றே ஒரு மரபு இருக்கிறது. வள்ளலைக் கண்டு மீண்ட பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழியில் என்னென்ன இருக்கிறது என்று விரிவாகச் சொல்லி அனுப்புவதுதான் ஆற்றுப்படை. தான் கண்டதை, அடுத்து வருபவருக்குப் பயன்படும்படி சொல்வது அதன் இலக்கணம். மாணவி எழுதும் ஓவியக்கூடக் குறிப்பும் அப்படி இருக்கலாம்: முதலில் இந்தச் சுவருக்குப் போ, இந்தப் படத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார், அந்த மூலையில் இருக்கும் சிவப்பை விட்டுவிடாதே.

இனிச் செய்ய வேண்டியவை

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா, வரையவும் பாடவும் ஆடவும் பிள்ளைகளுக்கு மேடை தந்திருக்கிறது. அது பெரிய வரவு. ஆனால் அங்கே நடப்பது போட்டி. பார்க்கப் பழக்குவதும் பார்த்ததை எழுதப் பழக்குவதும் இன்னும் அதற்குள் வரவில்லை. ஓவியம், இசை, உடற்கல்வி போன்றவற்றுக்காக 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பள்ளியில் இருக்கும் ஆசிரியரால் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஈஞ்சம்பாக்கத்துக்கு அழைத்துப் போய்த் திரும்புவது எளிதல்ல.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கலைக்கூடங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கடலோர அரசுப் பள்ளிகளைப் போக்குவரத்துச் செலவோடு அழைக்கட்டும். உப்பு வாராத மழைக்காலத்தில் அழைத்தால் பெற்றோரும் கூட வர முடியும். ஒரு வருகைக்கு மூன்று படங்கள் போதும். ஒவ்வொன்றின் முன்னாலும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க நேரம் கொடுக்கட்டும். சுவர்ச் சீட்டைப் பார்த்து எழுதுவதை முதல் அரை மணி நேரம் தடுக்கட்டும். அவர்கள் எழுதும் குறிப்புகளில் சிலவற்றை, அந்தந்தப் படத்துக்கு அருகில், எழுதியவரின் ஊர்ப் பெயரோடு தமிழில் மாட்டட்டும். மரக்காணத்தில் ஒரு பள்ளிக் கூடத்தின் சுவரோ பேரூராட்சி மன்றத்தின் கூடமோ கிடைத்தால், உப்பளத்தைப் பற்றிப் பிள்ளைகள் வரைந்தவற்றையும் எடுத்த படங்களையும் அங்கே வைத்து ஓவியர்களை அழைக்கலாம். தமிழாசிரியர்கள், வரும் ஆண்டில் பொருட்காட்சிக் கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகம் கொடுக்காமல் இந்த மூன்று கேள்விகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.